சுமோ மல்யுத்தத்தின் மரபுகளும் தரவரிசையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரும்பாலான சுமோ ஆட்டங்கள் பத்துப் பதினைந்து விநாடிகளில் முடிந்துவிடுகின்றன. அதற்கு முன் நடக்கும் ஆயத்தச் சடங்குகளுக்கு மட்டும் நான்கு நிமிடம் ஆகிறது. அந்த இரண்டு மல்லர்கள் அன்றைக்கு எதிரெதிரே வந்து நிற்பதற்குக் காரணமான தரவரிசைப் பட்டியலோ, அவர்களுடைய பல ஆண்டு உழைப்பின் கணக்கு. தொலைக்காட்சியில் தற்செயலாக சுமோவைக் கண்டு, இதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்காக இந்தப் பக்கம் எழுதப்பட்டுள்ளது. மோதலைவிட அந்தப் பட்டியலைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேசப்படும். ஏனெனில் சுமோ மல்லர் என்ன உடுத்துகிறார், எப்போது சாப்பிடுகிறார், எங்கே உறங்குகிறார் என்பது வரை எல்லாவற்றையும் முடிவு செய்வது அதுவே.

சுமோ எவ்வளவு பழமையானது?

ஜப்பானின் மிகப் பழைய நூல்களிலேயே மற்போர்க் கதைகள் உள்ளன. கி.பி. 712-இல் தொகுக்கப்பட்ட கொஜிகியில், தகெமிகசுச்சி, தகெமினகதா என்னும் இரு தெய்வங்கள் நாட்டின் உரிமைக்காக வலிமையைச் சோதித்துக்கொள்கின்றன. 720-இல் முடிக்கப்பட்ட நிஹோன் ஷோகியில், நோமி நோ சுகுனே என்பவர் தைமா நோ கெஹயா என்பவரை அரசர் முன்னிலையில் வீழ்த்துகிறார். பிற்காலத்தில் அரண்மனை விழாவாகவும், போர்வீரர்களின் பயிற்சியாகவும் இருந்த சுமோ, எடோ காலத்தில் (17 முதல் 19-ஆம் நூற்றாண்டு வரை) கோயில் திருப்பணிக்கு நிதி திரட்டும் பொது நிகழ்ச்சியாக மாறியபோதுதான் இன்று நாம் காணும் வடிவத்தைப் பெற்றது. தோக்கியோவின் ரியோகோகு பகுதியில் உள்ள எகோஇன் கோயில் 19-ஆம் நூற்றாண்டில் அதன் நிலையான களமாயிற்று. இன்றைய சுமோ அரங்கமான கொகுகிகானும் அதே பகுதியில்தான் இருக்கிறது.

கோதா எப்படி அமைக்கப்படுகிறது?

தொஹ்யோ எனப்படும் சுமோ கோதா, களிமண்ணை இடித்து இறுக்கி எழுப்பிய சதுர மேடை. அதன் மேல் வைக்கோல் திணித்த உருளைகளைப் பாதி புதைத்து, 4.55 மீட்டர் விட்டமுள்ள வட்டம் அமைக்கிறார்கள். 1931-க்கு முன் வட்டம் இதைவிடச் சிறியதாக இருந்தது. ஒவ்வொரு பெரும்போட்டிக்கும் மேடை புதிதாகக் கட்டப்படுகிறது. அந்த வேலையைச் செய்பவர்கள், போட்டி நாட்களில் மல்லர்களின் பெயரைப் பாடி அழைக்கும் யொபிதாஷி என்னும் பணியாளர்களே. வைக்கோல் உருளைகளைத் தட்டி வடிவுக்குக் கொண்டுவர அவர்கள் காலி பீர் புட்டிகளைப் பயன்படுத்துவதைப் படங்களில் காணலாம்.

வட்டத்தின் நான்கு திசைகளிலும் ஓர் உருளை மட்டும் சற்றே வெளிப்பக்கம் தள்ளி வைக்கப்பட்டிருக்கும். திறந்தவெளியில் ஆடிய காலத்தில் மழைநீர் வடிவதற்காக விட்ட வழி அது. இன்றோ விளிம்பில் சிக்கிய மல்லருக்குக் கூடுதலாகக் கிடைக்கும் சில அங்குலம். வட்டத்துக்கு வெளியே மெல்லிய மணல் பரப்பப்படுகிறது. அதற்குப் பாம்பின் கண் என்று பொருள்படும் பெயர் வழங்குகிறது. விளிம்பைத் தாண்டிய குதிகாலின் தடம் அதில் பதிந்துவிடும்.

போட்டி தொடங்குவதற்கு முந்தைய நாள், நடுவர்கள் ஜப்பானின் மரபுச் சமயமான ஷிந்தோவின் பூசாரி உடையில் வந்து, உப்பு, கழுவிய அரிசி, உலர்ந்த செஸ்ட்நட், கடற்பாசி, உலர்ந்த கணவாய் முதலியவற்றைக் கோதாவின் நடுவே புதைக்கிறார்கள். பதினைந்து நாளும் மல்லர்கள் அந்தக் காணிக்கையின் மேல் நின்றே ஆடுகிறார்கள். மேலே தொங்கும் கூரை ஷிந்தோ ஆலயத்தின் கூரையை ஒத்தது. முன்பு அதைத் தாங்கிய நான்கு தூண்கள் பார்வையாளர்களின் கண்ணை மறைத்ததால் 1952-இல் அகற்றப்பட்டன. அவை நின்ற மூலைகளில் இப்போது பச்சை, சிவப்பு, வெள்ளை, கறுப்பு நிறக் குஞ்சங்கள் தொங்குகின்றன.

வெற்றி எப்படித் தீர்மானிக்கப்படுகிறது? எதற்கெல்லாம் தடை?

எதிராளியை வட்டத்துக்கு வெளியே தள்ளினாலும், உள்ளங்காலைத் தவிர அவருடைய உடலின் வேறு எந்தப் பகுதியையும் மண்ணில் படச் செய்தாலும் வெற்றி. சுமோ சங்கம் 82 வெற்றி முறைகளுக்குப் பெயர் சூட்டியுள்ளது என்றாலும், கச்சையைப் பிடித்து நெருக்கி வெளியேற்றுவதும், கையால் தள்ளி வெளியேற்றுவதுமே அன்றாடம் அதிகம் காணப்படுபவை. உள்ளங்கையால் அறையலாம், கைவிரல்களை மடக்கிக் குத்துவது, முடியைப் பிடித்து இழுப்பது, கண்ணில் குத்துவது, விரலைப் பின்னுக்கு வளைப்பது ஆகியவை கூடாது. ஆட்டம் எப்போது தொடங்குகிறது என்பதை நடுவர் தீர்மானிப்பதில்லை என்பது பலருக்கும் வியப்பளிக்கும். இரு மல்லர்களும் தரையில் கையூன்றி, ஒருவர் மூச்சை மற்றவர் உணர்ந்து, ஒரே கணத்தில் எழ வேண்டும். அந்த முதல் மோதலிலேயே பாதி ஆட்டம் முடிந்துவிடுவதும் உண்டு.

உப்பை வீசுவது ஏன்?

களத்தைத் தூய்மையாக்குவதற்காக. பெரும்போட்டி நாளொன்றில் ஏறத்தாழ 45 கிலோ உப்பு செலவாகிறது. மல்லர் காலை உயரத் தூக்கி மிதிப்பது தீய சக்திகளை விரட்டும் செயலாகக் கருதப்படுகிறது. அவர் குந்தி அமர்ந்து, கைதட்டி, இரு கைகளையும் விரித்து உள்ளங்கைகளைத் திருப்பிக் காட்டுவது, தன்னிடம் ஆயுதம் எதுவும் இல்லை என்று அறிவிப்பது. இந்த ஆயத்தத்துக்கு மேல்பிரிவில் நான்கு நிமிடமும், அதற்கடுத்த பிரிவில் மூன்று நிமிடமும், மற்றவர்களுக்கு இரண்டு நிமிடமும் அளிக்கப்படுகிறது. 1928-இல் வானொலி ஒலிபரப்பு தொடங்கும் வரை இதற்குக் கால வரம்பே கிடையாது.

ஆண்டுக்கு எத்தனை போட்டிகள்?

1958 முதல் ஆண்டுக்கு ஆறு. ஜனவரி, மே, செப்டம்பர் மாதங்களில் தோக்கியோவிலும், மார்ச்சில் ஒசாகாவிலும், ஜூலையில் நகோயாவிலும், நவம்பரில் ஃபுகுஒகாவிலும் நடைபெறுகின்றன. ஒவ்வொன்றும் 15 நாள். மேல் இரு பிரிவினர் நாள்தோறும் ஆடுகிறார்கள். கீழ்ப்பிரிவினருக்கு ஏழு ஆட்டங்கள் மட்டுமே. காலை எட்டரை மணி வாக்கில், ஏறக்குறைய வெறிச்சோடிக் கிடக்கும் அரங்கில் கடைநிலை மல்லர்கள் ஆடத் தொடங்குவார்கள். மாலை ஆறு மணிக்குச் சற்று முன்பாக, நிறைந்த அரங்கில், உச்சப் பட்டம் பெற்ற மல்லரான யோகோசுனாவின் ஆட்டம் வரும். ஒரே நாளில் அரங்கில் உட்கார்ந்தபடி தரவரிசையைக் கீழிருந்து மேலாகப் படித்துவிடலாம். வாய்ப்புக் கிடைப்பவர்கள் காலையிலேயே போய்விடுவது நல்லது.

பன்ஸுகே என்பது என்ன?

சுமார் 600 மல்லர்களின் பெயரையும் தகுதியையும் தாங்கிய தரவரிசைத் தாள்தான் பன்ஸுகே. ஒவ்வொரு பெரும்போட்டிக்கும் புதியது ஒன்று வெளியாகிறது. முந்தைய போட்டி முடிந்த சில நாட்களில் தீர்ப்பாளர்கள் கூடி வரிசையை முடிவு செய்கிறார்கள். அடுத்த போட்டிக்கு ஏறக்குறைய இரண்டு வாரம் முன்பு வரை அது இரகசியமாகவே காக்கப்படுகிறது.

இந்தத் தாளை எழுதுபவர் ஒரு நடுவர். சுமோவுக்கே உரிய தடித்த எழுத்து வடிவில், தூரிகையால், கையாலேயே எழுதுகிறார். கோடுகளுக்கிடையே வெள்ளை இடம் தெரியாதபடி எழுத்துகள் நெருங்கி நிற்கும். அரங்கில் காலி இருக்கை இல்லாமல் கூட்டம் நிறைய வேண்டும் என்ற வேண்டுதல் அதில் இருப்பதாகச் சொல்வார்கள். மேல்வரிசையில் யோகோசுனாவின் பெயர் பெரிதாகவும் கறுப்பாகவும் இருக்கும். கீழே இறங்க இறங்க எழுத்து மெலிந்து, கடைசி வரிசையில் ஒரு பெயர் தலைமுடியளவு கோடுகளாகச் சுருங்கிவிடும். அந்த வரிசைக்கு உருப்பெருக்கிக் கண்ணாடி என்றே செல்லப்பெயர். புதிதாகச் சேர்ந்த பையன் தன் பெயரை முதன்முதலாக அங்கேதான் தேடிக் கண்டுபிடிக்கிறான். இரண்டு மாதத்துக்கொரு முறை, அந்தப் பெயரின் பருமன் கூடியதா குறைந்ததா என்பதுதான் அவன் வாழ்க்கை.

தாள் கிழக்கு, மேற்கு என இரண்டாகப் பிரிந்திருக்கும். ஒரே தகுதி கொண்ட இருவரில் கிழக்கில் இருப்பவரே சற்று உயர்ந்தவர். நடுவே பெரிய எழுத்தில், அனுமதி பெற்று நடத்தப்படுகிறது என்னும் பொருளில் ஒரு தொடர் நிற்கும். எடோ அரசிடம் உத்தரவு வாங்கி ஆட்டம் நடத்திய காலத்தின் அடையாளம் அது. அந்த அரசு போய் ஒன்றரை நூற்றாண்டு கடந்த பிறகும் அதை நீக்க யாருக்கும் மனம் வரவில்லை.

பிரிவுகள் எத்தனை? எப்படி மேலே ஏறுவது?

பிரிவுகள் ஆறு. கீழிருந்து ஜோனோகுச்சி, ஜோனிதான், சந்தான்மே, மகுஷிதா, ஜூரியோ, மகுவுச்சி என்று அழைக்கப்படுகின்றன. மகுவுச்சியில் அதிகபட்சம் 42 பேர், ஜூரியோவில் 28 பேர், மகுஷிதாவில் 120 பேர். ஏற்ற இறக்கத்துக்கான விதி எளியது. 15 ஆட்டங்களில் எட்டு வென்றால் கச்சிகோஷி, அதாவது பெரும்பான்மை வெற்றி. அவர் மேலே போகிறார். எட்டுத் தோற்றால் மகேகோஷி, கீழே இறங்குகிறார். ஏழு ஆட்டங்கள் ஆடுபவர்களுக்கு அந்த எல்லைக்கோடு நான்கு. எத்தனை படி நகர்வார் என்பது வெற்றிகளின் எண்ணிக்கையையும், மேலே எத்தனை இடம் காலியாகிறது என்பதையும் பொறுத்தது. ஏழு வெற்றி, ஏழு தோல்வியுடன் கடைசி நாளுக்கு வரும் மல்லரின் ஆட்டத்தைப் பாருங்கள். கோப்பைக்காக ஆடுபவரைவிட அவர் முகத்தில்தான் அழுத்தம் அதிகமாகத் தெரியும்.

ஜூரியோவை எட்டுவது ஏன் அவ்வளவு பெரிதாகப் பேசப்படுகிறது?

ஜூரியோவிலும் மகுவுச்சியிலும் இருப்பவர்கள் மட்டுமே செகிதோரி என்று அழைக்கப்படுகிறார்கள். மாதச் சம்பளம் அவர்களுக்கு மட்டுமே. 2019 முதல் நடைமுறையில் உள்ள கணக்கின்படி ஜூரியோ மல்லருக்கு மாதம் 11 லட்சம் யென், யோகோசுனாவுக்கு 30 லட்சம் யென். மகுஷிதாவின் முதலிடத்தில் இருப்பவர்கூட, போட்டிக்குப் போட்டி கிடைக்கும் சிறு படித்தொகையைத்தான் பெறுகிறார்.

பணம் ஒரு பகுதிதான். மல்லர்கள் எல்லோரும் ஹெயா என்னும் பயிற்சி இல்லத்தில், ஒயகதா எனப்படும் குருவின் கீழ் வாழ்கிறார்கள். விடியற்காலையில் வெறும் வயிற்றோடு பயிற்சி தொடங்கும். கடைநிலையினர்தான் முதலில் எழுந்து களத்தில் இறங்க வேண்டும். முற்பகலில் பயிற்சி முடிந்ததும் மூத்தவர்கள் முதலில் குளித்து, முதலில் உணவில் அமர்கிறார்கள். கோழியும் மீனும் காய்கறியும் சேர்த்துக் கொதிக்கும் சங்கோ சட்டியைச் சுற்றி அவர்கள் உண்ணும்போது, சமைத்த இளையவர்கள் பின்னால் நின்று பரிமாறுகிறார்கள். அவர்கள் முறை வரும்போது சட்டியில் மிஞ்சியதுதான் அவர்களுக்கு. இந்தச் சட்டியில் கோழிக்குத் தனி இடம் உண்டு. அது இரு காலில் நிற்கும். நான்கு கால் விலங்கோ கையைத் தரையில் ஊன்றித் தோற்றவரை நினைவூட்டும்.

தெருவில் நடக்கும்போதும் தரம் தெரியும். கடைசி இரு பிரிவினர் பனிக்காலத்திலும் மெல்லிய பருத்தி யுகாதாவும் மரக்காலணியுமாகவே போக வேண்டும். சந்தான்மேயை எட்டினால் செருப்பு மாறுகிறது. மகுஷிதாவை எட்டினால் மேலங்கியும் கழுத்துத்துணியும் அணியலாம். ஜூரியோவில் எல்லாமே மாறிவிடுகிறது. தனி அறை, பணிவிடைக்கு இளையவர்கள், பயிற்சியில் கறுப்புக்குப் பதில் வெள்ளைக் கச்சை, போட்டியில் பட்டுக் கச்சை, கிங்கோ மர இலை வடிவில் விரித்துக் கட்டிய குடுமி, நுழைவுச் சடங்குக்குத் தங்கச் சரிகை பூவேலை செய்த கெஷோ-மவாஷி என அனைத்தும் கிடைக்கின்றன. அந்த ஆடையைத் தயாரிக்க நாளாகும் என்பதால், ஜூரியோவுக்கு உயர்பவர்களின் பெயர் பன்ஸுகேயின் இரகசியத்துக்கு விலக்காக முன்கூட்டியே அறிவிக்கப்படுகிறது.

இந்த ஏற்றத்தாழ்வு இளைஞர்களை உழைக்கத் தூண்டுகிறது என்பது உண்மை. அதே ஏற்றத்தாழ்வு கொடுமைக்கும் இடம் தந்திருக்கிறது. 2007-இல் 17 வயதுப் பயிற்சி மல்லர் ஒருவர் தம் இல்லத்திலேயே தாக்கப்பட்டு உயிரிழந்தார். அவருடைய குருவுக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. சுமோவை நேசிப்பவர்கள் இதை மறைத்துப் பேசக் கூடாது.

மகுவுச்சிக்குள் உள்ள பட்டங்கள் யாவை?

பெரும்பாலோர் மாயெகாஷிரா என்னும் எண்ணிட்ட வரிசையில் இருக்கிறார்கள். அவர்களுக்கு மேலே முறையே கொமுசுபி, செகிவாகே, ஓஸெகி, யோகோசுனா. யோகோசுனாவை ஒரு மாயெகாஷிரா வீழ்த்தினால் அதற்குத் தங்க நட்சத்திரம் என்று பெயர். அந்த ஒரு வெற்றிக்காக, அவர் செகிதோரியாக இருக்கும் வரை ஒவ்வொரு போட்டியிலும் கூடுதல் தொகை பெறுவார்.

ஓஸெகி ஆவதற்கு, கொமுசுபி அல்லது செகிவாகே நிலையில் மூன்று தொடர் போட்டிகளில் 33 வெற்றி என்பது பொதுவான அளவுகோல். எழுதப்பட்ட சட்டம் அன்று. ஆட்டத்தின் தரத்தையும் பார்க்கிறார்கள். ஓஸெகிக்கு ஒரு சலுகை உண்டு: ஒரு போட்டியில் பெரும்பான்மை தவறினாலும் பட்டம் போகாது, எச்சரிக்கை நிலைக்கு மட்டுமே வருவார். அடுத்ததிலும் தவறினால் செகிவாகேவாக இறங்குவார். அங்கே உடனடியாகப் பத்து ஆட்டம் வென்றால் பட்டத்தைத் திரும்பப் பெறலாம்.

யோகோசுனா மட்டும் ஏன் தனி?

அவரைக் கீழே இறக்க முடியாது என்பதால். மற்ற எல்லோருக்கும் தோல்வி என்றால் ஒரு படி இறக்கம். யோகோசுனாவுக்கு அந்தப் படியே இல்லை. தகுதிக்கேற்ப ஆட முடியாதபோது அவர் செய்யக்கூடியது ஓய்வு பெறுவது ஒன்றே. அதனால்தான் பட்டம் அளிப்பதில் அத்தனை தயக்கம். ஓஸெகியாக இரண்டு போட்டிகளைத் தொடர்ந்து வெல்வது, அல்லது அதற்கு நிகரான சாதனை வேண்டும்; 1950-இல் அமைக்கப்பட்ட ஆலோசனைக் குழு, அவருடைய நடத்தையிலும் அந்தப் பட்டத்துக்குரிய கண்ணியம் இருக்கிறதா என்று பார்க்கிறது. மரபுப் பட்டியலில் இதுவரை 75 பேர்தான். 74-ஆவது ஹோஷோரியூ, 75-ஆவது ஓனோசாதோ. இருவரும் 2025-இல் உயர்த்தப்பட்டவர்கள். ஓனோசாதோ தொழில்முறைக் களத்துக்கு வந்த 13 போட்டிகளில் இந்த உச்சியை எட்டினார்.

யோகோசுனா என்ற சொல்லே இடுப்பில் கட்டும் வெள்ளை வடத்தைக் குறிப்பது. ஆலயங்களில் புனித எல்லையைக் காட்டக் கட்டும் கயிற்றை ஒத்த இந்த வடத்தை, உடன்பயிலும் மல்லர்கள் வெள்ளைக் கையுறை அணிந்து, தாளத்துக்குக் குரல் கொடுத்தபடி முறுக்கித் தயாரிக்கிறார்கள். புதிய யோகோசுனா முதன்முதலாகத் தம் நுழைவுச் சடங்கை மெய்ஜி ஆலயத்தில் செய்கிறார். முன்னே ஒருவர், பின்னே வாளேந்தி ஒருவர் அமர்ந்திருக்க, அவர் காலைத் தூக்கி மிதிக்கையில் கூட்டம் ஒரே குரலில் ஆர்ப்பரிக்கும். மிதித்த பின் தாழ்ந்த நிலையிலிருந்து மெல்ல மெல்ல எழும்போது ஒரு கையை மட்டும் விரிப்பது உன்ரியூ பாணி, இரு கைகளையும் விரிப்பது ஷிரனுயி பாணி.

இந்தப் பட்டத்தின் சுமையைக் காட்ட கிசெனோசாதோவின் கதை போதும். 2017-இல், 19 ஆண்டுகளுக்குப் பிறகு ஜப்பானில் பிறந்த ஒருவர் யோகோசுனா ஆனார் என்று நாடே கொண்டாடியது. முதல் போட்டியிலேயே காயமடைந்தும் ஆடிக் கோப்பையை வென்றார். அதன் பிறகு அந்த உடல் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. 2019 ஜனவரியில் விலகினார். ஓஸெகியாக இருந்திருந்தால் இறங்கி, குணமாகி, மீண்டும் ஏறியிருக்கலாம்.

விழுந்தவர் மீண்டும் ஏறியது உண்டா?

உண்டு. மங்கோலியாவில் பிறந்த தெருனோஃபுஜி 2015-இல் கோப்பையை வென்று ஓஸெகி ஆனார். முழங்கால் காயமும் நீரிழிவும் சேர்ந்து அவரை முடக்கின. ஆட முடியாத நாட்களும் தோல்வியாகவே எண்ணப்படும் என்பதால், 2017-இல் பட்டத்தை இழந்தவர் 2019 மார்ச்சில் ஜோனிதான் பிரிவின் 48-ஆம் இடத்துக்கு வந்துவிட்டார். ஓஸெகியாக இருந்த ஒருவர், காலை வேளையில், காலி இருக்கைகளுக்கு முன்னால், சம்பளமின்றி ஆடினார். விலகிவிடுகிறேன் என்று பலமுறை கேட்டும் குரு இசையவில்லை. 2020 ஜூலையில் மகுவுச்சியின் அடிமட்டமான மாயெகாஷிரா 17-ஆம் இடத்துக்குத் திரும்பியவர், அந்தப் போட்டியிலேயே கோப்பையை வென்றார். 2021-இல் மீண்டும் ஓஸெகி. அதே ஆண்டு ஜூலைப் போட்டிக்குப் பின் 73-ஆவது யோகோசுனா. சாதனை எண்ணிக்கையில் 45 கோப்பை வென்ற ஹகுஹோவும், 69 ஆட்டங்களைத் தொடர்ந்து வென்ற ஃபுதபயாமாவும் அவரைவிடப் பல மடங்கு பெரியவர்கள். ஆனால் பன்ஸுகே என்ற அந்தத் தாள் எவ்வளவு இரக்கமற்றது, எவ்வளவு நேர்மையானது என்பதை ஒரே வாழ்க்கையில் காட்டியவர் தெருனோஃபுஜிதான்.

எடைப் பிரிவுகள் கிடையாதா?

தொழில்முறை சுமோவில் கிடையாது. 1990-களில் 100 கிலோவை ஒட்டிய எடையே கொண்ட மைனோஉமி, 250 கிலோவுக்கும் மேற்பட்ட கொனிஷிகியின் காலுக்கடியில் புகுந்து அவரை வீழ்த்தியதுண்டு. மைனோஉமி, சேர்க்கைக்குரிய உயரம் போதாததால் தலைத்தோலின் கீழ் சிலிக்கான் வைத்துக்கொண்டு அளவுத் தேர்வில் தேறியவர்.

நடுவர் ஏன் குறுவாள் வைத்திருக்கிறார்?

தீர்ப்புத் தவறினால் வயிற்றைக் கிழித்துக்கொள்ளவும் தயார் என்ற உறுதியின் அடையாளமாக, தலைமை நடுவர்கள் இடுப்பில் குறுவாள் செருகியிருக்கிறார்கள். இன்று தீர்ப்பு மாற்றப்பட்டால் பதவி விலக முன்வருவது மரபு. நடுவர்களுக்கும் தரவரிசை உண்டு: கீழ்நிலையினர் வெறுங்காலோடு நிற்பார்கள், உச்சியில் இருப்பவர் கிமுரா ஷோனோசுகே என்ற வழிவழிப் பெயரை ஏற்பார். அவருடைய தீர்ப்பில் ஐயம் எழுந்தால், கோதாவைச் சுற்றி அமர்ந்திருக்கும் ஐந்து தீர்ப்பாளர்கள் மேலேறிக் கலந்து பேசுவார்கள். 1969 மார்ச்சில் யோகோசுனா தைஹோவின் 45 தொடர் வெற்றிகள் தோதா என்ற மல்லரிடம் முடிவுற்றன; தோதாவின் கால் முன்னதாகவே வெளியே பட்டிருந்ததைப் படங்கள் பின்னர் காட்டின. அடுத்த போட்டியிலிருந்தே ஒளிப்பதிவு தீர்ப்பாளர்களின் உதவிக்கு வந்துவிட்டது.

வெளிநாட்டவர் சேரலாமா?

சேரலாம், ஓர் இல்லத்துக்கு ஒருவர் மட்டும். ஹவாயில் பிறந்த தகமியாமா 1972-இல் கோப்பை வென்ற முதல் வெளிநாட்டவர். அதே தீவுகளின் அகெபோனோ 1993-இல் முதல் வெளிநாட்டு யோகோசுனா. 2003-இல் அசஷோரியூவோடு மங்கோலியர்களின் காலம் தொடங்கியது. ஓய்வுக்குப் பின் ஒயகதாவாக விரும்புபவர் மட்டும் ஜப்பானியக் குடியுரிமை பெற்றாக வேண்டும்.

பெண்கள் கோதாவில் ஏறக் கூடாது என்பது உண்மையா?

தொழில்முறை சுமோவில் இன்றும் அப்படித்தான். 2018 ஏப்ரலில் மைசுரு நகரில் கோதாவின் மேல் பேசிக்கொண்டிருந்த நகரத் தலைவர் மயங்கி விழ, உதவிக்கு ஓடிவந்து முதலுதவி செய்த பெண்களைக் கீழே இறங்குமாறு ஒலிபெருக்கியில் நடுவர் திரும்பத் திரும்பக் கூறினார். சங்கத் தலைவர் பின்னர் மன்னிப்புக் கேட்டார். தூண்களை அகற்றவும், வட்டத்தைப் பெரிதாக்கவும், ஒளிப்பதிவை ஏற்கவும் முடிந்த ஒரு மரபு, இதை மட்டும் தொட முடியாது என்று சொல்வதை ஏற்க மனம் ஒப்பவில்லை.

மல்லர் எப்படி ஓய்வு பெறுகிறார்?

புகழ்பெற்ற செகிதோரி என்றால் கொகுகிகானில் குடுமி களையும் விழா நடக்கும். அவர் முறையான ஆடையில் கோதாவின் நடுவே நாற்காலியில் அமர்ந்திருப்பார். பின்னால் நடுவர் ஒருவர் தங்க நிறக் கத்தரிக்கோலோடு நிற்பார். புரவலர்கள், நண்பர்கள், சக மல்லர்கள் என நூற்றுக்கணக்கானோர் ஒருவர் பின் ஒருவராக ஏறி, சில இழைகளை மட்டும் வெட்டிவிட்டு, தோளைத் தொட்டோ காதருகே ஏதோ சொல்லியோ இறங்குவார்கள். இதற்கே மணிக்கணக்காகும். பெண் உறவினர் வெட்ட வேண்டுமானால், மல்லர் கோதாவை விட்டு இறங்கி வர வேண்டும். கடைசி வெட்டு குருவுடையது. குடுமி முழுதாகக் கையோடு வந்துவிட, தலைமுடி கலைந்து கழுத்தில் விழும். அதுவரை கல்போல் இருந்தவர்கள் பலர் அந்த நொடியில் அழுதுவிடுகிறார்கள். பிறகு உள்ளே சென்று, சாதாரண முடிதிருத்தம் செய்துகொண்டு, கோட்டும் சூட்டும் அணிந்து கூட்டத்தின் முன் திரும்பி வந்து வணங்குகிறார்.